காலராவின் விஷம் யாருடையது?

"பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் இருக்கின்றன என்று படித்தேன். நமக்கு நோய் தரும் பாக்டீரியாவை அவை அழிக்கின்றன என்றால், அவை நமக்கு நண்பர்கள்தானே?" என்பது கேள்வி.

பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது, விஷமும் அங்கேதான். காலராவிலும் தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவிலும் ஆளைக் கொல்லும் நச்சைச் செய்யும் மரபணு அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே அல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. அந்த வைரஸ் ஏறாத காலராக் கிருமிகள் இன்றும் உலகின் கழிமுகங்களில் இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் தின்றுகொண்டு ஏராளமாக வாழ்கின்றன. அவற்றால் ஊரைக் காலி செய்யும் கொள்ளைநோய் வருவதில்லை.

இந்த வைரஸ்களுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர், சுருக்கமாக பேஜ். பேஜ் என்றால் தின்னி. ஆனால் எல்லா பேஜும் தின்னி இல்லை. அதைப் புரிந்துகொள்ள நுண்ணுயிரியல் மாணவர்கள் முதல் வருடத்தில் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

ஒரு சோதனைக்குழாயில் கைபொறுக்கும் சூட்டில் இளக்கிய அகார், அதாவது ஆறினால் ஜெல்லி மாதிரி உறையும் கடல்பாசிப் பசை. அதில் கொஞ்சம் பாக்டீரியா, ஒரு சொட்டு பேஜ். கலந்து தட்டில் ஊற்றி ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுவதும் பாலாடை படிந்த மாதிரி பாக்டீரியா. நடுநடுவே சின்னச் சின்ன வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பேஜும் அதன் வாரிசுகளும் சேர்ந்து பாக்டீரியாவை உடைத்துத் தீர்த்த இடம். வைரஸ் கண்ணுக்குத் தெரியாது, அது விட்டுப்போன ஓட்டை தெரியும்.

அந்தத் துளைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். இன்னொன்றின் நடுவில் மட்டும் மங்கலாக, மூடுபனி போட்டாற்போல் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் தட்டில் ஏதோ அழுக்கு என்றுதான் நினைத்தேன். அது அழுக்கு இல்லை, பிழைத்துக்கொண்ட பாக்டீரியா. அவற்றைப் பேஜ் கொல்லவில்லை. உள்ளே புகுந்து, தன் டிஎன்ஏவை பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு கோத்துவிட்டு அடங்கிவிட்டது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த பேஜும் கூடவே படியெடுக்கப்படும். இப்படி உள்ளே உறங்கும் பேஜுக்குப் புரோபேஜ் என்று பெயர். அதே வகை பேஜ் வெளியிலிருந்து மறுபடி வந்தால் உள்ளே இருப்பது விடாது. அதனால்தான் துளையின் நடுவில் அவை மட்டும் தழைத்து நிற்கின்றன.

இந்த இரண்டாம் ரகம்தான் நமக்குத் தலைவலி. கொல்லும் பேஜுக்கு பாக்டீரியாவின் நலனில் அக்கறை கிடையாது, அரை மணி நேரத்தில் உடைத்துவிட்டுப் போகிற இடம். உள்ளே குடியிருக்கும் பேஜ் அப்படி இல்லை. வீடு செழித்தால் அதுவும் செழிக்கும். எனவே வீட்டுக்காரருக்கு உதவும் மரபணு ஏதாவது பேஜின் டிஎன்ஏவில் இருந்தால் அது காலப்போக்கில் நிலைத்துவிடுகிறது. "உதவி" என்பது பாக்டீரியாவின் கணக்கில். நம் கணக்கில் அது நச்சு.

சரி, காலராவுக்கு வருவோம்.

காலரா நோயாளிக்குப் போவது சாதாரண வயிற்றுப்போக்கு அல்ல. அரிசி களைந்த கழுநீர் மாதிரி, கடுமையான நோயில் ஒரே நாளில் 20 லிட்டர் வரைகூடப் போகும். கவனிக்காமல் விட்டால் கடுமையாகத் தாக்கியவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் இந்தக் கிருமியை நோயாளிகளின் குடலிலிருந்து பிரித்தெடுத்தபோதே, இது ஏதோ நச்சைச் சுரக்கிறது என்று ஊகித்தார். நிரூபிக்க 75 வருடம் ஆனது. நிரூபித்தவரும் கல்கத்தாக்காரர்தான், சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் உள்ளே செலுத்தினார். குடல் நீர் கோத்து பலூனாக வீங்கியது. கிருமியே இல்லாமல் காலராவின் வேலை நடந்துவிட்டது. 1959-ல் வெளியான அந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் சின்ன விஷயம். இந்தியாவிலேயே இவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த நச்சு ஆறு துண்டுகளால் ஆனது. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று குடல் செல்லின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. ஆறாவது உள்ளே போய் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே மாட்டவைத்துவிடுகிறது. செல் குளோரைடு உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். மரை தேய்ந்த குழாய் மாதிரி, திருகினாலும் நிற்காது. நல்லவேளையாக, சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் இன்னொரு வாசலை இந்த நச்சு தொடுவதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பது அந்த வாசல் வழியாகத்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மஹலனாபிஸ் அதைக் கொடுத்து, 30 சதவீதமாக இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

நச்சின் மரபணு எங்கிருந்து வந்தது என்பது 1996 வரை யாருக்கும் தெரியாது. கிருமியின் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதனுடையது என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலானஸும் ஒரு வேலை செய்தார்கள். அந்த மரபணு இருக்கும் இடத்தில் கனமைசின் என்ற மருந்தை எதிர்க்கும் மரபணுவை அடையாளமாக வைத்தார்கள். பிறகு அந்தக் கிருமி வளர்ந்த நீரை, ஒரு செல்கூட இல்லாமல் வடிகட்டி, வேறு காலராக் கிருமிகளோடு சேர்த்தார்கள். அவற்றில் சில கனமைசினைத் தாங்க ஆரம்பித்தன! செல்லே இல்லாத நீர் வழியாக மரபணு போகிறதென்றால் அது வைரஸுக்குள் போகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூலிழை போன்ற ஒரு பேஜ். சிடிஎக்ஸ் பேஜ் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் டிஎன்ஏ மொத்தமே சுமார் 7,000 எழுத்து. காலராக் கிருமியின் டிஎன்ஏ ஏறக்குறைய 40 லட்சம். அந்த 7,000 இல்லாவிட்டால் காலரா என்ற நோய் இல்லை.

இந்தக் குடித்தனம் எவ்வளவு நெருக்கமானது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரு பேஜ் உள்ளே நுழைய பாக்டீரியாவின் மேல் ஏதாவது பிடிமானம் வேண்டும். சிடிஎக்ஸ் பேஜ் பிடிப்பது, காலராக் கிருமி நம் குடலில் ஒட்டிக் குடியேறப் பயன்படுத்தும் மயிரிழைகளை. அந்த இழைகள் முக்கியமாகக் குடலுக்குள் இருக்கும்போதுதான் முளைக்கின்றன. அதாவது கிருமி மனிதனைப் பிடிக்கிற நேரம் பார்த்து பேஜ் கிருமியைப் பிடிக்கிறது. எலிக்குட்டிகளின் குடலுக்குள் இந்தத் தொற்று ஆய்வகக் குடுவையில் நடப்பதைவிட மிகத் தாராளமாக நடந்தது. உள்ளே போனதும் தன் டிஎன்ஏவைக் கோக்கத் தன் சொந்தக் கருவி எதையும் கொண்டுவருவதில்லை, பாக்டீரியாவின் நொதிகளையே இரவல் வாங்குகிறது. நச்சை எப்போது சுரக்கலாம் என்று முடிவெடுப்பதும் பாக்டீரியாவின் கட்டுப்பாட்டுப் புரதங்கள்தான். புது பேஜ்கள் வெளியே வரும்போது பாக்டீரியாவை உடைப்பதில்லை. நச்சு வெளியேறும் அதே வாசல் வழியாக நூல் கோத்தாற்போல் நழுவி வந்துவிடுகின்றன. கொலை இல்லை, சத்தம் இல்லை.

இதில் கிருமிக்கு என்ன லாபம்? கழுநீராகப் போகும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கலாம். குளம், ஆறு, கிணறு என்று அடுத்த ஆளைத் தேடிப் போக இதைவிட வாகனம் இல்லை. கிருமி பரவினால் உள்ளே இருக்கும் பேஜும் பரவியது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அதுவரை கொள்ளைநோயாக வந்த காலரா எல்லாம் ஓ1 என்ற ஒரே மேலுறை வகையைச் சேர்ந்தது. 1992 கடைசியில் அப்போதைய மெட்ராஸில், ஓ1 இல்லாத ஒரு கிருமி காலராவைக் கிளப்பியது. சில மாதங்களிலேயே கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விட்டது. ஓ139 என்று எண் கொடுத்தார்கள். ஓ1 காலரா வந்து போனவர்களுக்குக்கூட இதன்மேல் எதிர்ப்புச் சக்தி இல்லை. எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டதோ என்று பயந்தார்கள். ஆராய்ந்தால், பழைய ஓ1 கிருமிதான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. சிடிஎக்ஸ் பேஜ் உள்ளே பத்திரமாக இருந்தது. சட்டையை ஏன் மாற்ற வேண்டும்? 2007-ல் வந்த ஓர் ஆய்வில், நண்டு ஓட்டின் மேல் வாழும் ஓ1 கிருமி பக்கத்தில் கிடக்கும் ஓ139 டிஎன்ஏவை விழுங்கித் தானும் ஓ139 ஆக மாறியது. மாறியவை ஓ1-ஐத் தேடி வந்து கொல்லும் பேஜ்களிடமிருந்து தப்பின. மெட்ராஸில் நடந்ததும் இதுதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பேஜ் விஷம் கொடுக்க, இன்னொரு பேஜ் வேடம் மாற்ற வைக்க, நடுவில் நாம் மாட்டிக்கொள்வது நடக்கக்கூடிய காரியம்தான்.

டிப்தீரியா கதை காலராவுக்கு முந்தியது. 1951-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விக்டர் ஃப்ரீமன், நச்சு செய்யத் தெரியாத டிப்தீரியா பாக்டீரியாவின்மேல் ஒரு பேஜை விட்டார். பிழைத்தவை நச்சு செய்ய ஆரம்பித்தன. பேஜ் ஒரு பாக்டீரியாவின் குணத்தையே மாற்றும் என்பதற்கு அது பெரிய சான்று. இங்கே நச்சின் மரபணு பேஜுடையது; அதன்மேல் போட்டிருக்கும் பூட்டு பாக்டீரியாவுடையது. சுற்றிலும் இரும்புச்சத்து குறைந்தால் பூட்டு திறக்கும். நம் தொண்டையில் இரும்பு குறைவு, ஆகவே அங்கே திறக்கும். அந்த நச்சின் செயல்படும் பகுதியில் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனால் போதும், ஒரு செல் சாகும்.

குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் டிப்தீரியாவுக்கென்று இருப்பது, இந்த நச்சை முடக்கி எடுத்த வடிவம். யோசித்துப் பார்த்தால், ஒரு பாக்டீரியா நோய்க்கான தடுப்பூசி என்று நாம் போட்டுக்கொள்வது ஒரு வைரஸின் மரபணு செய்த பொருளுக்கு எதிராகத்தான். வேறு நோய்களிலும் இப்படி உண்டு. ஸ்கார்லெட் காய்ச்சலின் சிவப்புத் தடிப்புக்குக் காரணமான நச்சு, கெட்டுப்போன உணவால் வரும் பாட்டுலிசம் என்ற வாத நோயின் சில வகை நச்சுகள் எல்லாம் பேஜ் சுமப்பவையே.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே மாத்திரை விஷயம் வருகிறது. 2011 மே மாதம் வட ஜெர்மனியில் இரத்தப்பேதியும் சிறுநீரகச் செயலிழப்பும் கூட்டம் கூட்டமாக வந்தன. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின்மேல் பழி போட்டார்கள். விவசாயிகள் டன் கணக்கில் கொட்டினார்கள். கடைசியில் பார்த்தால் சாலடில் தூவிய முளைகட்டிய வெந்தயம். விதை எகிப்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் மட்டும் 3,800 பேருக்கு மேல் நோய், 50 பேருக்கு மேல் சாவு. கிருமி, குடல் சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும் ஒரு ஈ.கோலை வகை. அது பழைய ஆள்தான். ஷிகா நச்சின் மரபணுவைச் சுமக்கும் பேஜ் ஒன்று அதற்குள் ஏறியிருந்ததுதான் புதுசு.

ஷிகா நச்சின் கொடுமை வேறு மாதிரி. காலரா நச்சுபோல் அதற்கு வெளியே போகத் தனி வாசல் இல்லை. உள்ளே உறங்கும் பேஜ் விழித்து, பெருகி, பாக்டீரியாவை உடைத்தால்தான் பெருமளவு வெளியே கொட்டும். பேஜ் எப்போது விழிக்கும்? பாக்டீரியாவின் டிஎன்ஏ அடிபடும்போது. வீடு தீப்பிடிக்கிறது, நாம் கிளம்புவோம் என்கிற கணக்கு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் கொல்வதே டிஎன்ஏவை உடைத்துத்தான். உடைந்த டிஎன்ஏவைப் பார்த்ததும் பாக்டீரியா அபாயச் சங்கு ஊதுகிறது, அந்தச் சத்தத்தில் பேஜைக் கட்டிப்போட்டிருந்த புரதம் தானே அறுந்துவிடுகிறது. நச்சு உற்பத்தி பலமடங்காகும். ஆகவே இந்த வகை ஈ.கோலை என்று உறுதியானால் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தயங்குவார்கள். அதற்காக இரத்தப்பேதிக்கு மருந்தே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்களில் அதற்கு ஷிகெல்லா, அமீபா என்று வேறு காரணங்கள் அதிகம், அவற்றுக்கு மருந்து வேண்டும். மலத்தைச் சோதித்து யார் என்று பார்ப்பது மருத்துவர் வேலை. போன தடவை மிஞ்சிய மாத்திரையை டிராயரிலிருந்து எடுத்துப் போடுவதைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்னபின், கேள்வி கேட்டவரின் பாதி சரி என்ற பக்கத்துக்கு வருகிறேன். கொல்லும் ரகப் பேஜ்கள் நிஜமாகவே நோயைக் குறைக்கின்றன. 1896-ல் ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹேன்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போவதையும், நீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் எழுதினார். அது பேஜாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். (இதை வைத்து "கங்கை நீரில் கிருமியே இருக்காது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பிக் குடித்துவிட வேண்டாம். பேஜ் இருக்கிறதென்றால் அது தின்ன பாக்டீரியாவும் அங்கே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.)

உறுதியான கணக்கு டாக்காவிலிருந்து வந்தது. ஷா ஃபருக் குழு வருடக்கணக்கில் நீர்நிலைகளில் காலராக் கிருமியையும் அதைக் கொல்லும் பேஜ்களையும் எண்ணி 2005-ல் வெளியிட்டது. நீரில் பேஜ் அதிகமாக இருக்கும் காலத்தில் நோயாளிகள் குறைவு. பேஜ் குறைந்திருக்கும் காலத்தில் நோயாளிகள் அதிகம். கொள்ளைநோய் ஏற ஏற பேஜுக்குத் தீனி பெருகும், பேஜ் பெருகும், அலை தணியும். நோயாளியின் மலத்திலேயே பேஜ் வெளியே வருகிறது. பேஜ் மட்டும்தான் அலையைத் தணிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. மழைக்கும், ஊராரிடம் ஏற்படும் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு இருக்கும். ஆனால் பேஜின் பங்கு சிறிதல்ல.

அங்கே நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கிடைக்கும் பேஜ் ஐசிபி1. அது ஓ1 மேலுறையைப் பிடித்துத்தான் உள்ளே நுழையும். கிருமி உறையைக் கழற்றிவிட்டால் தப்பலாம், ஆனால் உறை இல்லாமல் நம் குடலில் காலூன்றுவது கடினம். ஆகவே கிருமி வேறு வழி பார்த்தது. தன் டிஎன்ஏவில் ஒரு தனித்துண்டு வைத்திருக்கிறது. ஐசிபி1 நுழைந்ததும் அது விழித்து பேஜின் பெருக்கத்தைக் கெடுக்கும். பேஜ் சும்மா இருந்ததா? கிரிஸ்பர் என்று இன்று மரபணுத் திருத்தத்துக்குப் பேர்போன அமைப்பு, பேஜ்களிடமிருந்து தப்ப பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம். ஐசிபி1 அந்த ஆயுதத்தையே எங்கிருந்தோ கைப்பற்றி, கிருமியின் தற்காப்புத் துண்டை வெட்டுகிறது. 2013-ல் இது வெளியானபோது பாக்டீரியாவின் கத்தியால் பாக்டீரியாவையே குத்தும் வைரஸ் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு வாரம் இதே பேச்சுத்தான்.

அப்படியென்றால் பேஜையே மருந்தாகக் கொடுக்கலாமே? கொடுத்திருக்கிறார்கள். 1917-ல் பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்த ஃபெலிக்ஸ் தெரெல், 1927-ல் பஞ்சாபுக்கு வந்து காலரா நோயாளிகளுக்குப் பேஜ் கொடுத்துப் பார்த்தார். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-ல் தொடங்கிய நிறுவனம் இன்றும் பேஜ் மருந்து செய்கிறது. மற்ற நாடுகள் ஆன்டிபயாடிக் வந்ததும் மறந்துவிட்டு, எந்த மருந்துக்கும் மடங்காத கிருமிகள் வந்தபின் இப்போது திரும்பிப் பார்க்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், எகிப்துப் பயணத்தில் அப்படியொரு கிருமியைப் பிடித்துக்கொண்டு கோமாவில் கிடந்த பேராசிரியர் டாம் பேட்டர்சனை எழுப்பியதில் பேஜ்களுக்குப் பெரிய பங்கு. காலராவுக்கும் ஐசிபி1-ஐ வேறு இரண்டு பேஜ்களோடு கலந்து முன்கூட்டியே கொடுத்தபோது எலிக்குட்டிகளிடமும் முயல்குட்டிகளிடமும் நோய் தடுக்கப்பட்டது. மனிதர்களுக்கு அது இன்னும் மருந்தாகவில்லை.

மருந்துக்கு எடுக்கும் பேஜை முதலில் தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடி போன்ற துளை வேண்டும். நடுவில் மங்கலாக இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் அதன் டிஎன்ஏவை முழுக்கப் படித்து, பாக்டீரியாவுக்குள் குடியேறும் மரபணுவோ நச்சு மரபணுவோ ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். தட்டோடு நின்றுவிட முடியாது. சிடிஎக்ஸ் பேஜை அதே தட்டில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் பாலாடை அப்படியே இருக்கும், கண்ணில் படும்படி ஒரு துளை விழாது. 1996-ல் கனமைசின் அடையாளம் கைகொடுத்தது அதனால்தான்.